ஃபேன்டஸி பிரீமியர் லீக்: அரை சீசன் ஆடிய பின் ஒரு மதிப்பீடு

இங்கிலாந்து பிரீமியர் லீக்கின் 2024-25 சீசனில் பெரும்பாலான அணிகள் 20 ஆட்டங்களை முடித்துவிட்ட 2025 ஜனவரியில் இதை எழுதுகிறேன். ஆகஸ்டில் நான் யாரை நம்பினேன், யாரைக் குறைத்து எடைபோட்டேன் என்று திரும்பிப் பார்க்க எனக்குக் கைகொடுத்தது, லீக்கே கட்டணம் வாங்காமல் நடத்தும் ஃபேன்டஸி விளையாட்டுதான். கால்பந்து பார்க்கும் எல்லோரும் சீசன் தொடங்கும்போது ஒரு கணிப்புச் சொல்கிறோம். ஜனவரி வந்ததும், தவறிப்போன கணிப்பைப் பற்றி 'அப்போதே எனக்குச் சந்தேகம் இருந்தது' என்று சொல்லிக்கொள்கிறோம். இந்த விளையாட்டில் அதற்கு இடமே இல்லை. எந்த வாரம் யாரை எடுத்தோம், யாரைக் கேப்டனாக்கினோம், யாரை விற்றோம் என்பதெல்லாம் வாரவாரியாகப் பதிவில் அப்படியே கிடக்கிறது. இதன் தலையாய பயன் அதுதான் என்று நான் கருதுகிறேன்.

புதியவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். 100 மில்லியன் பவுண்டு கற்பனைப் பணத்தில் லீக்கின் 15 ஆட்டக்காரர்களை வாங்க வேண்டும்; நிஜ ஆட்டங்களில் அவர்கள் ஆடுவதைப் பொறுத்து நமக்குப் புள்ளி. ஒரே கிளப்பிலிருந்து மூவருக்கு மேல் கூடாது. கேப்டனின் புள்ளி இரட்டிப்பாகும். வாரத்துக்கு ஒரு மாற்றம் இலவசம், அதற்கு மேல் போனால் ஒவ்வொன்றுக்கும் 4 புள்ளி கழியும். இந்த சீசனில் இலவச மாற்றங்களை ஐந்து வரை சேர்த்து வைக்கலாம் என்று விதியைத் தளர்த்தியிருப்பது மிக நல்ல முடிவு. ஒரு வாரத் தோல்வியைப் பார்த்துப் பதறாமல், நம் கணிப்புக்கு நான்கைந்து வாரம் அவகாசம் கொடுக்க முடிகிறது.

என் ஆகஸ்ட் கணிப்பின் நடுநாயகம் மான்செஸ்டர் சிட்டி. தொடர்ந்து நான்கு முறை பட்டம் வென்ற அணி ஐந்தாவது முறையும் வெல்லும் என்று உறுதியாக நம்பி, இந்த விளையாட்டின் வரலாற்றிலேயே மிக உயர்ந்த தொடக்க விலையான 15 மில்லியனைக் கொடுத்து அதன் முன்கள ஆட்டக்காரர் எர்லிங் ஹாலந்தை எடுத்தேன். முதல் 5 ஆட்டங்களில் அவர் 10 கோல் அடித்தபோது என் கணிப்பில் பிழையே இல்லை என்று தோன்றியது. செப்டம்பர் 22 அன்று ஆர்சனலுக்கு எதிரான ஆட்டத்தில் சிட்டியின் நடுக்கள ஆட்டக்காரர் ரோட்ரியின் முழங்கால் தசைநார் கிழிந்தது. அன்று மாலை நான் என் அணியைத் திறந்து பார்த்தேன். அதில் ரோட்ரி இல்லை, ஆகவே மாற்ற வேண்டியது எதுவும் இல்லை என்று மூடிவிட்டேன். இந்த அரை சீசனில் நான் செய்த மிகப் பெரிய தவறு அதுதான். முந்தைய 2023-24 சீசனில் சிட்டி லீக்கில் தோற்ற 3 ஆட்டங்களிலும் ரோட்ரி ஆடவில்லை என்பது எனக்குத் தெரியாத செய்தி அல்ல. தெரிந்தும் அதை ஏன் கணக்கில் எடுக்கவில்லை என்று யோசித்தால், நான் கால்பந்தை இந்த விளையாட்டின் கண்ணாலேயே பார்க்கப் பழகிவிட்டேன் என்பதுதான் விடையாகக் கிடைக்கிறது. கோலுக்கும், கோலுக்கு வழிவகுக்கும் கடைசிப் பாஸான அசிஸ்டுக்கும் புள்ளி உண்டு. கோல் விடாமல் காத்தால் தடுப்பாட்டக்காரருக்கு 4 புள்ளி, நடுக்கள ஆட்டக்காரருக்கு ஒன்று. ஆனால் எதிரணியின் வேகத்தைப் பாதி மைதானத்திலேயே மட்டுப்படுத்தி, பந்தை மீட்டு, ஆட்டத்தின் தாளத்தைத் தன் காலில் வைத்திருக்கும் ஒருவரின் உழைப்பு 2024-25 விதிப்படி போனஸ் புள்ளிக் கணக்கில் ஓரளவு சேர்ந்ததோடு சரி.

அதன் விளைவை நவம்பரும் டிசம்பரும் காட்டின. சொந்த மைதானத்தில் டாட்டன்ஹாமிடம் 0-4 உட்பட, ஜனவரி முதல் வாரத்துக்குள் லீக்கில் மட்டும் சிட்டிக்கு 6 தோல்விகள். டிசம்பர் 26 அன்று எவர்ட்டனுக்கு எதிராக ஹாலந்து பெனால்ட்டியைத் தவறவிட்டபோது அவர்தான் என் கேப்டன். அதற்கான 2 புள்ளி அபராதம் என் கணக்கில் 4 ஆனது. அதே நாளில் லெஸ்டருக்கு எதிராக லிவர்பூலின் முகமது சலா கோல் அடித்தார்.

சலாவின் கதை எனக்கு வேறொரு பாடம். லிவர்பூல் பயிற்றுநர் யூர்கன் கிளாப் விடைபெற்றார், அவர் இடத்துக்கு வந்த ஆர்னே ஸ்லாட் புதியவர், சலாவுக்கு வயது 32, ஒப்பந்தமும் சீசனோடு முடிவதாக இருந்தது. இவற்றைக் கூட்டிப் பார்த்து லிவர்பூலுக்கு நான்காம் இடம் கொடுத்திருந்தேன். 12.5 மில்லியன் விலை அதிகம் என்று அவரை விட்டும்விட்டேன். ஆண்டு முடிவில் 18 ஆட்டங்களில் 17 கோல், 13 அசிஸ்ட் என்று அவர் நின்றார், லிவர்பூல் முதலிடத்தில். பயிற்றுநர் மாறினால் எல்லாமே மாறும் என்ற என் எண்ணம் அடிப்படையிலேயே தவறு. கிளாப் கட்டிய அணியை ஸ்லாட் கலைக்கவில்லை, ஆட்டத்தைச் சற்று நிதானப்படுத்தினார், அவ்வளவுதான்.

நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டை நான் கீழ்ப்பிரிவுக்கு இறங்கும் மூன்று அணிகளில் ஒன்றாக வைத்திருந்தேன். முந்தைய சீசனில் நிதி விதிமீறலுக்காக 4 புள்ளி இழந்து 32 புள்ளியுடன் 17-ஆம் இடத்தில் தப்பிய அணி, 20 ஆட்டங்களில் 40 புள்ளி எடுத்து ஆர்சனலுக்குச் சமமாக நிற்கும் என்று நான் நினைக்கவில்லை. நியாயமாகப் பார்த்தால், இங்கே விளையாட்டின் கணக்கு எனக்கு முன்கூட்டியே சொல்லித்தான் வந்தது. கோல்கீப்பர் மாட்ஸ் செல்ஸும், கோடையில் வந்த மிலென்கோவிச்சும், முரிலோவும் கோல் விடாமல் ஆடிப் புள்ளிகளைக் குவித்துக்கொண்டிருந்தார்கள். 6 மில்லியனுக்குக் கிடைத்த கிறிஸ் வுட் 12 கோல் அடித்துவிட்டார். பந்து பெரும்பாலும் எதிரணியிடம் இருக்க, பின்வாங்கி நின்று எதிர்த்தாக்குதலில் வெல்லும் பாணி நீடிக்காது என்ற முன்முடிவால், கண்முன் இருந்த எண்ணை நான் நம்பவில்லை.

மான்செஸ்டர் யுனைடெட் முதல் ஐந்துக்குள் வராது என்ற கணிப்பு மட்டும் பலித்திருக்கிறது. அதைப் பெருமையாகச் சொல்ல எதுவும் இல்லை.

குறை என்று ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். வாங்குவோர் கூடினால் விலை ஏறும் ஏற்பாடு, வாரத் தொடக்கத்திலேயே அவசரமாக மாற்றம் செய்யத் தூண்டுகிறது. வார நடுவில் அந்த ஆட்டக்காரருக்குக் காயம் பட்டால் மாற்றமே வீண். முதல் ஆட்டத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்பு அணியைப் பூட்டிவிடுகிறார்கள்; குளிர்காலத்துச் சனிக்கிழமைகளில் நமக்கு அது பெரும்பாலும் மாலை 4.30 மணி. அதுவரை பொறுத்திருப்பதே நல்லது. வாரத்துக்கு இரண்டு ஆட்டமாவது முழுதாகப் பார்ப்பவர்களுக்கு இதை மனமாரப் பரிந்துரைக்கிறேன். சுருக்கக் காட்சிகளை மட்டும் பார்ப்பவர்களுக்குப் பரிந்துரைக்க மாட்டேன், ஏனெனில் அவர்களும் என்னைப் போலவே கோலை மட்டும் பார்த்து அணியை எடைபோடும் பழக்கத்தில் விழக்கூடும்.

இரண்டாம் பாதிக்கு சலா என் கேப்டன், வுட் அணியில் இருக்கிறார், சிட்டி முதல் நான்குக்குள் முடிக்கும் என்று நோட்டில் தேதியிட்டு எழுதியிருக்கிறேன். அந்த வரிக்குப் பக்கத்தில், ரோட்ரியின் இடத்தில் ஒவ்வொரு வாரமும் யார் ஆடுகிறார் என்று குறிக்க ஒரு கட்டம் போட்டிருக்கிறேன்.