கேட் லிட்டர் முதல் தூண்டில் பொம்மை வரை: புதிதாகப் பூனை வளர்ப்பவர் எதற்குக் காசு கொடுக்கலாம்?

பூனை வாங்கிய கையோடு கடைக்குப் போகிறவர்கள் முதலில் எடுப்பது லாவண்டர் வாசனை போட்ட கேட் லிட்டர் பை, அதாவது பூனை மலஜலம் கழிக்கத் தட்டில் கொட்டிவைக்கும் மண். அதை அங்கேயே வைத்துவிட்டு வரலாம். நமக்கு இதமாகத் தெரியும் அந்த வாசனை, மண்ணுக்குள் முகத்தை விட்டுத் தோண்டும் பூனைக்குக் காட்டமாக அடிக்கும். பிடிக்காவிட்டால் அது சோபாவுக்குப் பின்னால் இடம் பார்த்துக்கொள்ளும். நாற்றமும் போகாது. சிறுநீரில் இருக்கும் யூரியாவைப் பாக்டீரியா உடைக்கும்போது அமோனியா வருகிறது. ஈரத்தை அள்ளி எடுத்தால் அது வராது, எடுக்காவிட்டால் வரும். வாசனைப் பொடியால் இதில் ஆவது ஒன்றுமில்லை.

வாசனை இல்லாத, பொடியாக இருக்கும் பெண்டோனைட் களிமண்தான் பெரும்பாலான வீடுகளுக்குச் சரிவரும். குஜராத்தின் கட்ச் பகுதியில் ஏராளமாக வெட்டியெடுக்கப்படும் களிமண் இது. ஈரம் பட்டதும் ஊதி, கட்டியாக இறுகும். தட்டில் 5 முதல் 7 செ.மீ. உயரத்துக்குக் கொட்ட வேண்டும். மிச்சம் பிடிக்கிறேன் என்று 2 செ.மீ. மட்டும் போட்டால் சிறுநீர் நேராக அடித்தட்டில் போய் ஒட்டும். சுரண்டும்போது கட்டி நொறுங்கி நல்ல மண்ணோடு கலந்து, மூன்றாம் நாளே முழுத் தட்டும் நாறும். பூனை சிறுநீர் கழித்த உடனே அள்ளுவதும் தவறு. கால் மணி நேரம் விட்டால் கட்டி இறுகிவிடும். எந்தப் பை நல்லது என்று பார்க்க ஒரு எளிய சோதனை உண்டு. கிண்ணத்தில் மண்ணை நிரப்பி ஓரிடத்தில் இரண்டு தேக்கரண்டி தண்ணீர் ஊற்றுங்கள். கால் மணி கழித்துக் கரண்டியால் தூக்கும்போது உருண்டை உடையாமல் வந்தால் தேறியது. தட்டையாகப் பரவி அடியில் ஒட்டினால் அந்தப் பையை மறுபடி வாங்க வேண்டாம்.

இதன் குறைகள் தூசியும், காலில் ஒட்டிக்கொண்டு கட்டில் வரை வருவதும். தட்டுக்கு முன்னால் ஒரு கயிற்று மிதியடி போட்டால் பாதிக்கு மேல் அங்கேயே உதிரும். கழிப்பறையில் கொட்டவே கூடாது, குழாய்க்குள் ஊதி அடைத்துக்கொள்ளும். நம் ஊர்க் குளியலறைகளின் தரை எப்போதும் ஈரமாக இருப்பதால் தட்டை அங்கே வைத்தால் தெறிக்கும் தண்ணீரிலேயே மண் சேறாகிவிடும்.

சோயா சக்கையில் செய்யும் டோஃபு லிட்டர் எடை குறைவு, தூசி குறைவு. மூன்று நான்கு மாதத்துக்கு உட்பட்ட குட்டிகள் எதையும் வாயில் வைத்துப் பார்க்கும் என்பதால் அவற்றுக்கு இதுதான் சரி. வயிற்றுக்குள் போய் ஊதும் களிமண் குடலை அடைக்கக்கூடும். ஆனால் டோஃபு கட்டி மிருது, அவசரப்பட்டால் உடையும். மழைக்காலத்தில் பையைத் திறந்து வைத்தால் பூஞ்சை பிடிக்கும், வண்டு விழும். அரிசி போல மூடி இறுகும் டப்பாவில்தான் வைக்க வேண்டும். கழிப்பறையில் போடலாம் என்று பையில் அச்சிட்டிருந்தாலும், செப்டிக் டேங்க் உள்ள வீடுகளில் அந்த வேலை வேண்டாம்.

பைன் மரத்தூள் உருளைகள் மலிவு, ஆனால் கட்டியாகாமல் தூளாக உதிரும். இரண்டடுக்குச் சல்லடைத் தட்டும் சேர்த்து வாங்கினால்தான் பயன். ஈரம் உறிஞ்சும் மணிகளான சிலிகா ஜெல் கடலோர ஊர்களில் காற்றின் ஈரத்தையும் சேர்த்து உறிஞ்சுவதால் கொடுத்த விலைக்கு உழைக்காது. ஆற்று மணலைத் தெருவிலிருந்து வந்த குட்டிகள் உடனே ஏற்றுக்கொள்ளும். ஆனால் சிறுநீர் அடியில் தேங்குவதால் இரண்டு நாளைக்கு ஒருமுறை மொத்தமாக மாற்ற நேரும். முதல் வாரம் புது மண்ணின் மேல் இரண்டு கைப்பிடி மணல் தூவி, பிறகு குறைத்துக்கொண்டே வருவது நல்ல வழி.

தட்டு விஷயத்தில், அழகாக மூடி போட்ட வீடு மாதிரியான பெட்டிகளுக்கு எங்கள் மதிப்பெண் குறைவு. நாற்றம் நமக்குத் தெரியாமல் உள்ளேயே நிற்கும், அள்ள மறந்துபோகும், பூனைக்கு மூச்சு முட்டும். மூக்கிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை பூனையை அளந்து, அதைப் போல ஒன்றரை மடங்கு நீளமுள்ள திறந்த தட்டு வேண்டும். கடையில் 'கேட் டிரே' என்று விற்பவற்றில் பல இந்த அளவுக்கு வராது. துணி அடுக்கும் பெரிய பிளாஸ்டிக் பெட்டியில் ஒரு பக்கத்தை மட்டும் வெட்டித் தாழ்த்தி, விளிம்பைத் தேய்த்து மழுக்கினால் அதைவிட நன்றாக இருக்கும். ஒரு பூனைக்கு இரண்டு தட்டு, இரண்டுக்கு மூன்று. சோற்றுக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வேண்டாம், திடீரென்று அதிரும் வாஷிங் மெஷினுக்குப் பக்கத்திலும் வேண்டாம். காலை ஒருமுறை, இரவு ஒருமுறை அள்ளி, அள்ளிய அளவுக்குப் புது மண் சேர்த்தால், மூன்று வாரத்துக்கு ஒருமுறை மொத்தமாக மாற்றினால் போதும். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் அள்ளும் வேலை வேறொருவருடையது. மலத்தில், கருவிலுள்ள குழந்தையைப் பாதிக்கக்கூடிய டாக்ஸோபிளாஸ்மா கிருமி இருந்தால் அது தொற்றும் நிலைக்கு வர ஒரு நாளாவது ஆகும், தினமும் அள்ளச் சொல்வதற்கு இதுவும் காரணம்.

தட்டையோ தரையையோ ஃபினாயில், டெட்டால் போட்டுக் கழுவாதீர்கள். ஃபீனால் வகைப் பொருள்களைப் பூனையின் ஈரலால் சரியாக உடைத்து வெளியேற்ற முடியாது. அது மிதித்த பாதத்தை நக்கும், நஞ்சு உள்ளே போகும். பிளீச்சும் வேண்டாம், சிறுநீரின் அமோனியாவோடு சேர்ந்தால் நச்சுவாயு கிளம்பும். பாத்திரம் கழுவும் சோப்பும் வெந்நீரும் தட்டுக்குப் போதும்.

மெத்தையிலோ சோபாவிலோ போய்விட்டால் மட்டும், சிறுநீர்க் கறையை நொதிகளால் உடைக்கும் என்சைம் கிளீனருக்குச் செலவு செய்யலாம், அது நியாயமான செலவு. முதலில் பழைய துணியை வைத்து அழுத்தி ஈரத்தை எடுங்கள், தேய்த்தால் பரவும். பிறகு பச்சைத் தண்ணீரால் ஒற்றி எடுத்து, கிளீனரைத் தாராளமாக ஊற்றுங்கள். இரண்டு முறை ஸ்ப்ரே அடித்துவிட்டு 'வேலை செய்யவில்லை' என்று எழுதுபவர்கள்தான் அதிகம். சிறுநீர் எவ்வளவு ஆழம் இறங்கியதோ அவ்வளவு ஆழம் கிளீனரும் இறங்க வேண்டும், லேபிளில் சொன்ன நேரம் ஈரமாகவே இருக்க வேண்டும். அதற்கு முன் சோப்போ கிருமிநாசினியோ போட்டிருந்தால் என்சைம் செயலிழக்கும். இலவம்பஞ்சு மெத்தையாக இருந்தால் மேலுறையோடு நிறுத்திக்கொண்டு, பஞ்சைப் பிரித்து வெயிலில் போடுவதே மேல்.

சுவரில் வாலைத் தூக்கிப் பீய்ச்சும் ஆண் பூனையின் நெடிக்கு எந்தக் கிளீனரும் தீர்வு இல்லை. ஐந்து ஆறு மாதத்தில் கருத்தடை செய்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். ஆண் பூனை திரும்பத் திரும்பத் தட்டில் உட்கார்ந்து முக்கியும் சிறுநீர் வரவில்லை என்றால் அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் போயாக வேண்டும். அடைப்பு உயிரைக் குடிக்கும்.

விளையாட்டுச் சாமான்களில் ஒன்றே ஒன்று வாங்குவதானால் தூண்டில் பொம்மை: ஒரு குச்சி, ஒரு கயிறு, நுனியில் இறகு. முகத்துக்கு நேரே ஆட்டினால் பூனை சலித்துப் பின்வாங்கும். எலி ஓடுவது போலப் பூனையை விட்டு விலகி இழுத்து, கதவுக்குப் பின்னால் மறைத்து, நிறுத்தி, மறுபடி அசைக்க வேண்டும். காலையும் இரவும் 10, 15 நிமிடம். கடைசியில் பிடிக்க விட்டு உடனே சாப்பாடு வையுங்கள். தின்று, நக்கிக்கொண்டு, தூங்கிவிடும், விடியற்காலை மூன்று மணிக்கு உங்கள் கால்விரலைக் கடிக்காது. ஆடி முடித்ததும் பொம்மையை அலமாரிக்குள் பூட்டுங்கள், விழுங்கிய நூல் குடலைச் சுருக்கி அறுக்கும். லேசர் விளக்கு வீண், பிடிக்க எதுவுமே இல்லாத வேட்டை அது. பூனைகளைக் கிறங்க வைக்கும் மூலிகையான கேட்னிப் எல்லாப் பூனைக்கும் பிடிக்காது, குட்டிகளுக்கு ஏறவே ஏறாது. பணம் கொடுக்குமுன் வேலியோரம் நிற்கும் குப்பைமேனியை வேரோடு பிடுங்கி ஒருமுறை முன்னால் போட்டுப் பாருங்கள், பல பூனைகள் அதிலேயே புரளும்.

நகம் தீட்டும் தூணில் விலையைவிட உயரத்தைப் பாருங்கள். முழு உடம்பையும் நீட்ட 80 செ.மீ.யாவது வேண்டும், இழுத்தால் ஆடக்கூடாது. ஆடும் தூணை ஒருமுறை தொட்டுவிட்டுப் பூனை சோபாவுக்கே திரும்பிவிடும். தேங்காய் நார்க் கயிற்றை மேசைக்காலில் இடைவெளி இல்லாமல் இறுக்கிச் சுற்றினாலும் அதே வேலையைச் செய்யும். அந்த மேசையை ஒதுக்கமான மூலையில் வைக்காமல், பூனை தூங்கி எழும் இடத்துக்கு அருகில் வையுங்கள். எழுந்ததும் அது செய்யும் முதல் வேலை நகம் தீட்டுவதுதான்.