கிழமை சரி, வருடம் தப்பு: டர்பனில் நான் வாங்கிய மலிவு ஜிபிஎஸ்

இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கம் சைக்கிள் ஓட்டுகிற நம் ஆட்கள் யாராவது மலிவாக ஒரு ஜிபிஎஸ் வாங்கலாம் என்று கடைக்குக் கிளம்பியிருந்தால், இதைப் படித்துவிட்டுப் போங்கள். நான் 1,150 ரேண்ட் கொடுத்து வாங்கிய பொருள் என்னை 2006ஆம் வருடத்துக்கு அனுப்பிவைத்தது. அங்கிருந்து திரும்பி வர ஏழு வாரம் ஆனது.

எனக்குத் தேவை பெரிதாக ஒன்றுமில்லை. அக்டோபரில் பீட்டர்மாரிட்ஸ்பர்கிலிருந்து டர்பன் வரை நடக்கும் அமாஷோவா சைக்கிள் போட்டியில் ஒரு தடவையாவது 106 கி.மீ.யையும் ஓட்டி முடிக்க வேண்டும் என்று ஆசை. பயிற்சியின்போது எவ்வளவு தூரம் போனேன், என்ன வேகம், எந்த மேட்டில் நாக்குத் தள்ளியது என்று பதிவானால் போதும். வரைபடம், வழிகாட்டல் எதுவும் வேண்டாம். போனிலேயே செய்யலாமே என்பீர்கள். செய்துகொண்டுதான் இருந்தேன். ஆனால் ஹேண்டில்பாரில் போனை மாட்டிக்கொண்டு ரோபோவில் (இங்கே சிக்னலுக்கு ரோபோ என்றுதான் பெயர்) நிற்கும்போதெல்லாம் வயிற்றில் புளியைக் கரைக்கும். எவனாவது பிடுங்கிக்கொண்டு ஓடினால், பெடலில் மாட்டிக்கொள்ளும் கிளீட் ஷூவோடு துரத்தவா முடியும்?

கிரே ஸ்ட்ரீட் பக்கம் ஒரு சின்ன எலக்ட்ரானிக்ஸ் கடை. பலகையில் டாக்டர் யூசுஃப் டாடூ ஸ்ட்ரீட் என்று மாறிப் பல வருடமாகியும் எல்லோர் வாயிலும் கிரே ஸ்ட்ரீட்தான். கடைக்காரர் அறுபதைத் தாண்டியவர், இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழர். அவரிடம் மிச்சமிருக்கும் தமிழ் முப்பது சொல்கூடத் தேறாது. அதில் 'தம்பி'யை மட்டும் பத்துத் தடவை சொன்னார். கடல் தாண்டி வந்த இடத்தில் ஒருவர் தம்பி என்று கூப்பிட்டால் நம் மூளை கொஞ்ச நேரம் வேலை செய்யாது. எனக்கும் செய்யவில்லை. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய கருவி, திரை கிடையாது, மூன்று சின்ன விளக்கு. "சீல் உடைக்காத பீஸ், புது ஸ்டாக்" என்றார். வாங்கிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்தேன். அவசரத்தில் மூடியின் ஓரம் கிழிந்துவிட்டது. உள்ளே ஒரு குட்டி சி.டி. இருந்தது. 2025இல் சி.டி.! பெட்டியின் பின்பக்கம் 'விண்டோஸ் எக்ஸ்பி' என்று போட்டிருந்தது. சார்ஜ் ஏற்றும் துளை மினி யுஎஸ்பி. மூன்றும் கண்ணெதிரே இருந்தும், கேபிளைத் தேடிப் பழைய கேமரா பையைத் துழாவிக்கொண்டிருந்தேனே தவிர, இது எத்தனை வருடத்துப் பொருள் என்று யோசிக்கவில்லை.

ஆகஸ்ட் 17, ஞாயிறு. சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் நண்பர் ஒருவரும் நானும் ஹில்கிரெஸ்டில் காரை நிறுத்திவிட்டு, போத்தாஸ் ஹில் வழியாக டிரம்மண்ட் வரை போய்த் திரும்பினோம். காம்ரேட்ஸ் மாரத்தான் ஓடுகிற அதே பழைய மெயின் ரோடு. ஓட்டத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, குளிர், மேடு, அப்புறம் ஆளுக்குக் கால் 'பன்னி சௌ' (ரொட்டியைக் குடைந்து உள்ளே கறிக்குழம்பு ஊற்றித் தரும் டர்பன் சாப்பாடு). வீட்டுக்கு வந்து பதிவை, ஓட்டக் கணக்கு வைக்கும் ஸ்ட்ராவா செயலியில் ஏற்றினேன். ஏறியது என்றது, ஆனால் பட்டியலில் காணோம். கீழே தள்ளிக்கொண்டே போனால், எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கிறது: 2006 ஜனவரி 1. ஸ்ட்ராவா நிறுவனமே 2009இல்தான் ஆரம்பித்தது. என் ஓட்டம் அது பிறப்பதற்கு முன்னாலேயே போய் உட்கார்ந்துகொண்டது. ஆகஸ்ட் மாதக் கணக்கில் ஒரு மீட்டர்கூடச் சேரவில்லை.

ஜனவரி 1 என்றதும், கடிகாரம் ரீசெட் ஆகியிருக்கும், அடுத்த தடவை சரியாகிவிடும் என்று விட்டுவிட்டேன். அடுத்த ஞாயிறு, ஆகஸ்ட் 24, மறுபடி ஓட்டினேன். இப்போது 2006 ஜனவரி 8 என்றது. நாள்காட்டியைப் பார்த்தேன், அதுவும் ஞாயிறுதான். மணி, நிமிடம், கிழமை எல்லாம் கச்சிதம். வருடமும் மாதமும் தேதியும் மட்டும் வேறு.

காரணம் இதுதான். ஜிபிஎஸ் செயற்கைக்கோள் நமக்குத் தேதியை அனுப்புவதில்லை. 1980 ஜனவரி 6இலிருந்து எண்ணிக்கொண்டு வந்து, இது எத்தனையாவது வாரம், அந்த வாரத்தில் எத்தனையாவது நொடி என்று அனுப்புகிறது. பழைய முறையில் வார எண்ணுக்கு 10 பிட் இடம்தான் உண்டு. 1023 வரை போய்விட்டு மறுபடி 0. அப்படி 1999 ஆகஸ்டில் ஒரு தடவை, 2019 ஏப்ரலில் இன்னொரு தடவை சுற்றி வந்துவிட்டது. இப்போது எந்தச் சுற்றில் இருக்கிறோம் என்பதைக் கருவிக்குள் இருக்கும் மென்பொருள்தான் கணித்துக்கொள்ள வேண்டும். மென்பொருள் அரதப் பழசு என்றால் ஒரு சுற்று பின்தங்கிவிடும். 1024 வாரம், அதாவது 7,168 நாள். முழு வாரங்களாகக் கழிவதால் கிழமை மட்டும் மாறாது. இடத்தையும் ஒழுங்காகவே காட்டும். அதனால் கடையில் விளக்கு எரிவதைப் பார்த்துச் சந்தேகமே வராது.

அதோடு விட்டதா? நண்பரின் போனைவிட என் கருவியில் ஒன்றரை கி.மீ. குறைவு. வரைபடத்தில் பார்த்தால் வளைவுகளையெல்லாம் நேர்கோட்டில் வெட்டிக்கொண்டு, நான் பள்ளத்தாக்கின் மேல் பறந்தது போல் கோடு போட்டிருக்கிறது. நினைவகத்தை மிச்சம் பிடிக்க 15 நொடிக்கு ஒரு புள்ளி என்று வைத்திருக்கிறார்கள். மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் அது 125 மீட்டருக்கு ஒரு புள்ளி. ஒரு நொடிக்கு மாற்ற வேண்டுமென்றால் அந்தக் குட்டி சி.டி. வேண்டும், என் லேப்டாப்பில் சி.டி. போட இடமே கிடையாது. பேட்டரியும் மூன்று மணி நேரத்தில் படுத்துவிட்டது. லித்தியம் பேட்டரி சும்மா அலமாரியில் இருந்தாலும் கிழடு தட்டும்.

கடைக்குப் போனேன். தேதியைக் காட்டினேன். நிதானமாகப் பார்த்துவிட்டு, "கிழமை சரியாத்தானே காட்டுது தம்பி" என்றார். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அப்புறம் ரசீதைத் திருப்பிக் காட்டினார். விற்ற பொருள் திரும்ப எடுக்கப்படாது என்று சிவப்பு மையில் முத்திரை. அப்டேட் போட்டுத் தருகிறேன் என்று கருவியை வாங்கி வைத்துக்கொண்டார். இரண்டு வாரம் கழித்து வந்தது, 2006 அப்படியே இருந்தது.

அந்தச் சிவப்பு முத்திரையைப் பார்த்துப் பயந்து திரும்பிவிடாதீர்கள். இங்கே 2008ஆம் வருடத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அதன் 56ஆம் பிரிவின்படி, பழுதான பொருளைக் கையில் கிடைத்த ஆறு மாதத்துக்குள் திருப்பிக் கொடுக்கலாம். பழுது பார்ப்பதா, மாற்றுவதா, பணமா என்று சொல்வது நாம்தான், கடைக்காரர் இல்லை. ரிப்பேர் செய்தும் மூன்று மாதத்துக்குள் அதே கோளாறு இருந்தால், மாற்றுப் பொருளோ பணமோ கொடுத்தே ஆக வேண்டும். ("இது பழைய சரக்கு, தேதி காட்டாது" என்று முன்கூட்டியே தெளிவாகச் சொல்லி விற்றிருந்தால் கதை வேறு. சொன்னால் யார் வாங்குவார்கள்?) ஆன்லைனில் வாங்கியிருந்தால், காரணமே சொல்லாமல் ஏழு நாளுக்குள் திருப்பிவிடலாம் என்று 2002ஆம் வருடத்து மின்வணிகச் சட்டம் சொல்கிறது, அனுப்பும் செலவு மட்டும் நம்முடையது. இதையெல்லாம் ஒரு பக்கக் கடிதமாக எழுதி, ரசீது நகலோடு நீட்டினேன். நுகர்வோர் குறைதீர்ப்பாளரிடம் போவேன் என்று கடைசி வரியில் சேர்த்திருந்தேன். புகார் கொடுக்கக் காசு கிடையாது என்பது அவருக்கும் தெரிந்திருந்தது போலும். முனகிக்கொண்டே பணத்தை எண்ணினார். பெட்டி கிழிந்திருக்கிறது என்று 150 ரேண்ட் பிடித்துக்கொண்டார். சட்டப்படி அதுவும் தப்பு. ஏழு வாரம் அலைந்த அலுப்பில் ஆயிரத்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அப்புறம் வேறு இடத்தில் சின்னத் திரை உள்ள சைக்கிள் கம்ப்யூட்டர் ஒன்று வாங்கினேன். ஐஜிபிஎஸ்போர்ட், பிரைட்டன், சாஸ் என்று மலிவில் இப்போது நிறைய இருக்கின்றன. இந்தத் தடவை பணம் கொடுக்கும் முன் கருவியை வாசலுக்குக் கொண்டுபோய், திறந்த வானத்தின் கீழ் பிடித்து, தேதி வரும்வரை நின்றேன். பையன் ஒரு மாதிரி பார்த்தான், பார்க்கட்டும். என் போனையும் அணைத்து வைத்துக்கொண்டேன். ஏனென்றால் பெட்டியில் ஜிபிஎஸ் என்று போட்டுவிட்டு, போனிலிருந்து இடத்தைக் கடன் வாங்கும் கருவிகளும் உண்டு, போனை அணைத்தால் அதுகள் முழிக்கும். கையோடு பத்து நிமிடம் நடந்து ஒரு பதிவை எடுத்து, கோப்பைத் திறந்தும் பார்த்துவிட்டேன்.

போன சனிக்கிழமை அந்தப் பழைய கடை வழியாக நடந்தேன். கண்ணாடி அலமாரியில் அதே பெட்டி. மூடியின் ஓரத்தில் நான் கிழித்த இடத்தில் புது டேப் ஒட்டியிருந்தது. விலைச் சீட்டில் 1,150 ரேண்ட்.