கார்டா, பிராசஸரா? புது பில்டில் மனசு மாறினால் எதைக் கழற்றுவது

ரைசன் 5 7600 பிராசஸர், பி650 மதர்போர்டு, 32 ஜிபி டிடிஆர்5 ரேம், ஆர்டிஎக்ஸ் 4060 கிராபிக்ஸ் கார்டு. கேபிள் எல்லாம் கட்டி, விண்டோஸ் ஏற்றி, பத்து நாளில் 'இன்னும் வேகம் வேண்டுமே' என்ற உறுத்தல் ஆரம்பிக்கும் கேமிங் கம்ப்யூட்டர் பில்ட் இது. 1080பி-யை விடக் கூர்மையான 1440பி மானிட்டர் வாங்கியவர்களுக்கு இன்னும் சீக்கிரமே ஆரம்பிக்கும். கையில் மிச்சமிருக்கும் காசுக்கு 7800எக்ஸ்3டி பிராசஸர் போடுவதா, 4060-ஐ விற்றுவிட்டு 16 ஜிபி மெமரி உள்ள கார்டுக்குப் போவதா என்பதுதான் கேள்வி. என் ஓட்டு கார்டுக்கு. எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை படம்) கணக்கு அதற்குப் பாதிக் காரணம்தான்.

முதலில் மானிட்டர் கேபிள் எங்கே செருகியிருக்கிறது என்று பின்னால் எட்டிப் பாருங்கள். 7600-க்குள்ளேயே சின்ன கிராபிக்ஸ் உண்டு. அதனால் கேபிளைப் போர்டில் செருகினாலும் படம் வரும், கேம் மட்டும் நொண்டும். இப்படி ஒரு கேபிளால் கெட்ட பெயர் வாங்கிய கார்டுகள் நிறைய.

அது சரியாக இருந்தால் ஆஃப்டர்பர்னர் என்ற கண்காணிப்பு மென்பொருளில், கேமின் மேலேயே எண்களைக் காட்டும் ஓவர்லே போட்டு, நீங்கள் தினமும் ஆடும் கேமையே ஓடவிடுங்கள். கார்டின் பயன்பாடு 97, 98 என்று நின்றால் இழுப்பது கார்டு. 60, 70-லேயே ஊசலாடினால் ரெசல்யூஷனை 1080பி-க்கு இறக்குங்கள். அப்போதும் எஃப்பிஎஸ் ஏறவில்லை என்றால் பிராசஸர்தான் தடை. பிராசஸர் பயன்பாடு 35 சதவீதம் என்று காட்டுவதை நம்ப வேண்டாம். அது 12 த்ரெட்டுகளின் (பிராசஸர் ஒரே நேரத்தில் ஓட்டும் வேலைத் தடங்களின்) சராசரி. கேமின் முக்கிய த்ரெட் ஒரே கோரில் மூச்சு முட்டிக்கொண்டிருந்தாலும் சராசரி அப்படித்தான் காட்டும்.

7800எக்ஸ்3டி-யின் பலம் அதன் 96 எம்பி எல்3 கேஷ், அதாவது சில்லுக்குள்ளேயே இருக்கும் வேக மெமரி. 7600-இல் அது 32 எம்பி. கவுன்டர் ஸ்ட்ரைக் 2, ஃப்ளைட் சிமுலேட்டர், ஃபேக்டோரியோ போன்றவற்றில் அந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். 240 ஹெர்ட்ஸ் மானிட்டர் வைத்துக்கொண்டு 1080பி-யில் போட்டி கேம் மட்டும் ஆடுபவருக்கு என் ஓட்டு செல்லாது, அவர் பிராசஸரையே மாற்றலாம். 1440பி-யில் சைபர்பங்க் மாதிரி கேம் ஆடுபவருக்கு அந்தக் கேஷ் பெரும்பாலும் சும்மாதான் கிடக்கும்.

என்னைக் கார்டு பக்கம் தள்ளுவது வேறொன்று: பிராசஸரைக் கழற்றினால் கூடவே எத்தனை விஷயம் கழன்று வருகிறது என்பது. 7600 பெட்டியில் வரும் ரெய்த் ஸ்டெல்த் கூலர் 65 வாட் சில்லுக்கானது. 7800எக்ஸ்3டி-யின் டிடிபி (கூலர் சமாளிக்க வேண்டிய வெப்ப அளவு) 120 வாட், பெட்டியில் கூலரும் கிடையாது. ஆக ஒரு டவர் கூலர் செலவு சேரும், கேஸின் அகலம் அதற்குப் போதுமா என்றும் அளக்க வேண்டும். அடுத்தது பயாஸ், அதாவது போர்டின் அடிப்படை மென்பொருள். பழைய சில்லு உள்ளே இருக்கும்போதே அப்டேட்டை முடித்துவிட வேண்டும். எக்ஸ்3டி சில்லுகள் எரிந்த பிரச்சினைக்குப் பிறகு, 2023 மே வாக்கில் வந்த பயாஸ்களில்தான் எஸ்ஓசி வோல்டேஜுக்கு (சில்லுக்குள் மெமரி கன்ட்ரோலர் போன்ற பகுதிகளுக்குப் போகும் மின்னழுத்தம்) 1.3 வோல்ட் உச்சவரம்பு வந்தது. அதற்கு முந்தைய பயாஸோடு 7800எக்ஸ்3டி-யை ஓட்டவே கூடாது.

பிறகு சாக்கெட். இந்த போர்டின் ஏஎம்5 சாக்கெட்டில் 1718 பின்களும் போர்டில்தான் இருக்கின்றன. பிராசஸரைத் தூக்கும்போது கை வழுக்கி ஒரு மூலை இடித்தால் நாலைந்து பின் சாய்ந்துவிடும். சாய்ந்தது எந்தப் பின் என்பதைப் பொறுத்து ஒரு மெமரி சேனல் காணாமல் போகலாம், போர்டே எழாமலும் போகலாம். பின் வளைந்தால் அது பயனர் செய்த சேதம், வாரன்டி கிடைக்காது. அசெம்பிள் செய்த அன்று தூக்கிப் போட்ட, சாக்கெட்டை மூடியிருந்த அந்தக் கறுப்பு பிளாஸ்டிக் மூடியை, போர்டை வாரன்டிக்கு அனுப்பும்போது கேட்பார்கள். குப்பையில் போட்டிருந்தால் இப்போதே தேடி எடுத்து வையுங்கள்.

எல்லாம் சரியாக மாட்டி பவர் போட்டதும் திரை இருட்டாகவே இருக்கும், போர்டில் டிராம் (மெமரி) விளக்கு எரிந்துகொண்டிருக்கும். போர்டு மெமரியைச் சோதித்துச் சரிசெய்துகொள்ளும் டிடிஆர்5 மெமரி டிரெய்னிங் நடக்கிறது, சில நிமிடம் பிடிக்கும். பயந்துபோய் நடுவில் அணைத்தால் திரும்ப முதலிலிருந்து தொடங்கும். படம் வந்ததும், புது சிபியு போட்டிருக்கிறாய், எஃப்டிபிஎம்-ஐ (என்கிரிப்ஷன் கீயைக் காக்கும் பகுதியை) ரீசெட் செய்யவா என்று கேட்டு 'ஒய்', 'என்' இரண்டையும் நீட்டும். டிரைவ் என்கிரிப்ட் ஆகியிருந்து 'ஒய்' அழுத்தினால் விண்டோஸ் 48 இலக்க ரெக்கவரி கீ கேட்கும். விண்டோஸ் 11-இல் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு நுழைந்தவர்களுக்கு, அவர்கள் அறியாமலேயே என்கிரிப்ஷன் இயங்கியிருக்க வாய்ப்புண்டு. கழற்றும் முன்பே செட்டிங்ஸில் பார்த்து அதை நிறுத்திவிடுங்கள், அல்லது கீயைக் காகிதத்தில் எழுதி வையுங்கள்.

கார்டு மாற்றுவதில் இந்தத் தலைவலி எதுவும் இல்லை. பவர் சப்ளை சுவிட்சை அணைத்து, பவர் பட்டனை ஒருமுறை அழுத்தி மிச்ச மின்சாரத்தை இறக்கி, இரண்டு ஸ்க்ரூவைக் கழற்றி, ஸ்லாட் நுனியிலுள்ள தாழை அமுக்கிப் பிடித்தபடி நேராகத் தூக்க வேண்டும். தாழை விடுவிக்காமல் இழுத்தால் ஸ்லாட்டே பிய்ந்து வரும். டவர் கூலர் மறைத்து விரல் போகவில்லை என்றால் மரக்குச்சியால் அமுக்குங்கள், ஸ்க்ரூ டிரைவர் வேண்டாம். என்விடியாவிலிருந்து ஏஎம்டி-க்குப் போகிறவர் மட்டும், சேஃப் மோடில் டிடியு என்ற டிரைவர் நீக்கும் மென்பொருளை ஓட்டிப் பழைய டிரைவரைத் துடைத்துவிடுவது நல்லது.

இங்கே கவனிக்க வேண்டியது பவர் சப்ளைதான். 4060 இழுப்பது 115 வாட். ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி 16 ஜிபி 160 வாட், ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ 16 ஜிபி 180 வாட். நல்ல 550 வாட் சப்ளை இவற்றைத் தாங்கும். 5070 என்றால் 250 வாட், என்விடியா சொல்வது 650 வாட் சப்ளை. அதற்குப் பவர் அடாப்டர் போட்டால் இரண்டு 8 பின் கேபிளையும் சப்ளையிலிருந்து தனித்தனியாக இழுங்கள், ஒரே கேபிளின் இரட்டை வாலை மாட்டாதீர்கள். சப்ளையையே மாற்ற நேர்ந்தால் பழைய மாடுலர் (சப்ளையிலிருந்து கழற்றி மாட்டும்) கேபிள் ஒன்றுகூட உள்ளே இருக்கக் கூடாது. செருகும் முனை ஒரே மாதிரி இருந்தாலும் உள் வயரிங் கம்பெனிக்குக் கம்பெனி வேறு. எஸ்எஸ்டி-யைக் கொன்றுவிடும்.

மறுவிற்பனையிலும் கார்டுதான் முந்துகிறது. 4060-ஐ எந்த போர்டு வைத்திருப்பவரும் வாங்கலாம், 7600-ஐ ஏஎம்5 போர்டு உள்ளவர் மட்டுமே வாங்குவார். இன்னொன்று, அடுத்த தலைமுறை வந்ததும் கார்டின் விலை சட்டென்று இறங்கும். விற்பதென்றால் இப்போதே விற்றுவிட வேண்டும். பிராசஸர் காத்திருக்கலாம். ஏஎம்5-க்கு 2027 வரையாவது ஆதரவு என்று ஏஎம்டி சொல்லியிருக்கிறது, அந்தச் சாக்கெட்டில் இன்னொரு சில்லை நிதானமாகப் போட்டுக்கொள்ளலாம். எதை விற்றாலும் பில்லில் ஏறிய 18 சதவீத ஜிஎஸ்டி திரும்பி வராது. ரிச்சி தெருவில் கேட்டாலும் சீல் உடைத்த சாமான் பழைய சாமான்தான்.

போர்டையும் சேர்த்து இன்டெலுக்குத் தாவும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். இன்டெலின் எல்ஜிஏ1700 சாக்கெட் 14-ஆம் தலைமுறையோடு நின்றுவிட்டது, விண்டோஸ் ஆக்டிவேஷனையும் புதிதாகப் பார்க்க வேண்டிவரும். ரேமை நான்கு குச்சியாக்குவதும் வேண்டாத வேலை, 6000 வேகத்தில் ஓடும் மெமரி 3600-க்கு இறங்கிவிடலாம்.

பழைய 4060-க்கு விளம்பரம் போட அவசரப்படாதீர்கள். புது கார்டு ஒரு வாரம் நன்றாகச் சூடேறி, திரை கறுக்காமல், ரீஸ்டார்ட் ஆகாமல் ஓடட்டும். அதுவரை பழையது ஆன்டி ஸ்டாட்டிக் உறையில், பில்லோடு, பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும்.