ஃபோர்க்கா, ரேபர்னா: கிழக்கு டெக்சாஸின் தீராத பஞ்சாயத்து

கிழக்கு டெக்சாஸில் தூண்டில் சாமான் விற்கும் பழைய கடைகளில் கல்லாவுக்குப் பின்னால் சுவர் முழுக்கப் போட்டோ ஒட்டியிருப்பார்கள். எல்லாமே ஒரே போட்டோதான் என்று சொல்லலாம். தொப்பி போட்ட ஓர் ஆள், இரண்டு கையிலும் ஏந்திய பாஸ் மீன், பின்னால் நிறம் மங்கிப்போன தண்ணீர். ஓரத்தில் பேனாவால் எழுதிய எடையும் தேதியும். அந்தச் சுவருக்கு முன்னால் காபி குடித்துக்கொண்டிருக்கும் பெரியவர்களிடம் 'எந்த ஏரி நல்ல ஏரி?' என்று மட்டும் கேட்கக் கூடாது. நான் கேட்டேன். அன்றைக்குப் படகை இறக்கும்போது மணி ஒன்பதரை.

டாலஸ் பக்கம் பிழைப்பு நடத்தும் எனக்கு இந்தப் பஞ்சாயத்தில் தீர்ப்புச் சொல்லும் வயதோ அனுபவமோ இல்லை. ஆனால் லேக் ஃபோர்க், சாம் ரேபர்ன், டொலிடோ பெண்ட் என்ற மூன்று ஏரியிலும் வெயிலில் கருகியிருக்கிறேன், வெறுங்கையோடும் திரும்பியிருக்கிறேன். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

பாஸ் பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு வார்த்தை. லார்ஜ்மவுத் பாஸை நம்ம ஊர் விராலுக்குத் தூரத்துச் சொந்தம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். இனத்தில் ஒட்டுறவு கிடையாது, புத்தியில் உண்டு. பாசிக்குள்ளும் கட்டைக்கடியிலும் பதுங்கியிருந்து, போகிற இரையை ஒரே பாய்ச்சலில் அடிக்கும். ரப்பர் தவளையைப் போட்டு விரால் பிடிக்கும் பையன்கள் இப்போது தமிழ்நாட்டில் நிறைய. அந்தத் தவளையே பாஸுக்காகச் செய்யப்பட்டதுதான். ஒரு பெரிய வித்தியாசம்: இங்கே பிடிப்பவர்களில் பெரும்பாலோர் எடை பார்த்து, போட்டோ எடுத்து, திரும்பத் தண்ணீரில் விட்டுவிடுவார்கள்.

திருநெல்வேலிக்காரர் ஒருவரை முதல் தடவை ஃபோர்க்குக்கு அழைத்துப் போனபோது அவரால் அதை ஜீரணிக்கவே முடியவில்லை. இருபது அங்குலத்தில் ஒரு மீனைத் தூக்கினார். வயிறு நிறைந்து பளபளவென்றிருந்தது. 'தம்பி, குழம்புக்குன்னே அளவெடுத்துச் செஞ்ச மாதிரி இருக்கு' என்றார். 'அண்ணே, இதைத்தான் விடணும்' என்றேன். ஃபோர்க்கின் சட்டம் அப்படி. 16 அங்குலத்திலிருந்து 24 அங்குலம் வரை உள்ள பாஸை வைத்துக்கொள்ளக் கூடாது. அதைவிடச் சின்னதை எடுக்கலாம். 24ஐத் தொட்டதில் நாளுக்கு ஒன்றுதான். 'சின்னதைத் தின்னுட்டுப் பெரிசை விடணுமா? என்ன சட்டம்யா இது' என்று கரை சேரும் வரை புலம்பிக்கொண்டே வந்தார்.

ஃபோர்க்கின் கதையே அந்தச் சட்டத்தில்தான் இருக்கிறது. சபீன் ஆற்றின் கிளை ஒன்றை மறித்து 1980இல் நிரம்ப ஆரம்பித்த ஏரி அது. பரப்பு சுமார் 27,000 ஏக்கர்தான், மற்ற இரண்டுக்கும் முன்னால் குட்டை. ஆனால் தண்ணீர் ஏறுவதற்கு முன்பே மாநில மீன்வளத் துறைக்காரர்கள் அந்தப் பள்ளத்தாக்கில் கிடந்த குளங்களில் ஃபுளோரிடா இனக் குஞ்சுகளை விட்டுவிட்டார்கள். ஃபுளோரிடா பாஸ் உள்ளூர் பாஸைவிடப் பெரிதாக வளரும். மரங்களையும் முழுக்க வெட்டாமல் அப்படியே மூழ்கவிட்டார்கள். புது வெள்ளம், மட்கும் புல், ஒளிய மரம், பெரிய இனம், நடுத்தர மீனைத் தொடவிடாத சட்டம். இத்தனையும் ஒரே இடத்தில் கூடியது இந்த ஏரிக்கு வாய்த்த அதிர்ஷ்டம் பாதி, திட்டம் பாதி.

பலன் ஆறே வருடத்தில் வந்தது. 1986 நவம்பரில் மார்க் ஸ்டீவன்சன் என்ற படகு வழிகாட்டி 17.67 பவுண்டு பாஸ் ஒன்றைப் பிடித்தார். ஏறக்குறைய எட்டு கிலோ. அப்போது அதுதான் மாநிலச் சாதனை. மீனைச் சாகவிடாமல் ஒப்படைத்தார். எத்தல் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். பிறகு அது மிசூரியில் ஒரு பெரிய தூண்டில் கடையின் கண்ணாடித் தொட்டியில் வருடக்கணக்கில் வாழ்ந்தது, அதைப் பார்க்கவே கூட்டம் வந்தது. அந்த மீனோடு தொடங்கியதுதான் டெக்சாஸின் 'ஷேர்லங்கர்' திட்டம். முட்டையிடும் பருவத்தில் 13 பவுண்டும் அதற்கு மேலும் உள்ள பாஸை உயிரோடு கொடுத்தால், வாங்கிப்போய்ப் பொரிக்கவைத்துக் குஞ்சுகளைத் திரும்ப ஏரிகளில் விடுகிறார்கள்.

எத்தலின் சாதனையை முறித்ததும் ஃபோர்க்தான். 1992 ஜனவரியில் பேரி செயின்ட் கிளேர் பிடித்த 18.18 பவுண்டு மீன் இன்றுவரை டெக்சாஸ் சாதனை. இதில் எனக்குப் பிடித்த விஷயம், மனிதர் பாஸுக்குத் தூண்டில் போடவேயில்லை. கிராப்பி என்ற கையகல மீனுக்காகச் சின்ன உயிர்மீனைக் கோர்த்து ஆழத்தில் இறக்கியிருந்தார். லட்ச டாலர் படகு, பத்துக் கம்பு, பெட்டி நிறைய ரப்பர் புழு என்று அலைகிறவர்களிடம் இதைச் சொன்னால் முகம் சுருங்கும். சொல்லிப் பாருங்கள்.

ஆக, ஃபோர்க்குக்குப் போகிறவன் ஒரு மீனுக்குப் போகிறான். நாள் முழுக்க ஒரு கடி. அது வாழ்நாள் மீனாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம். ஃபோர்க்கை நினைத்து உருகுகிறவர்கள் எல்லாருமே ஒற்றை மீனைப் பற்றித்தான் பேசுவார்கள், கவனித்துப் பாருங்கள். பிடித்ததைப் பற்றிப் பேசுகிறவர்களைவிடப் படகோரம் வரை வந்து அறுத்துக்கொண்டு போனதைப் பற்றிப் பேசுகிறவர்கள்தான் அதிகம்.

ரேபர்ன்காரர்களின் பேச்சு வேறு மாதிரி. அவர்கள் மீனைச் சொல்ல மாட்டார்கள், நாளைச் சொல்வார்கள். 'அந்த மார்ச் மாசம்...' என்றுதான் ஆரம்பிப்பார்கள்.

ஏஞ்சலினா ஆற்றில் 1965இல் நிரம்பிய ஏரி இது. 1,14,500 ஏக்கர், அதாவது 460 சதுர கிலோமீட்டருக்கு மேல். சென்னை மாநகராட்சியை அப்படியே உள்ளே வைத்து மூடலாம். முழுக்க டெக்சாஸுக்குள்ளேயே அடங்கிய ஏரிகளில் இதுதான் பெரியது. சுற்றிலும் பைன் காடு. வடக்குக் காற்று எழும்பிவிட்டால் கடல் மாதிரி அலையடிக்கும், சின்னப் படகை வைத்துக்கொண்டு வீரம் காட்டக் கூடாது.

இந்த ஏரியின் உயிர் ஹைட்ரில்லா பாசி. அது நம்ம பக்கத்து ஆள் என்பது எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. 1950களில் மீன்தொட்டிச் செடியாக இலங்கையிலிருந்து ஃபுளோரிடாவுக்குப் போய், அங்கிருந்து கால்வாயில் தப்பி, தெற்கு மாநிலங்கள் முழுக்கப் பரவியது. ஏரிக்கரை வீட்டுக்காரர்களுக்கு அது சனியன், தூண்டில்காரர்களுக்குத் தெய்வம். எங்கள் ஊர்க் கண்மாயில் காலில் சிக்கி நீந்தவிடாமல் செய்த அதே பாசியைத் தேடி இங்கே பெட்ரோல் எரித்துக்கொண்டு போகிறேன்.

குளிர்காலக் கடைசியில் ரேபர்னில் செய்யும் வேலை ஒன்று உண்டு. சிவப்பு நிறத்தில் தட்டையான மீன் வடிவ இரை, வயிற்றுக்குள் குண்டுகள் போட்டு கிலுகிலுப்பை மாதிரி சத்தம் போடும். அந்தச் சிவப்புக்கு 'ரேபர்ன் ரெட்' என்றே பெயர். தண்ணீருக்குள் ஐந்தாறு அடி ஆழத்தில் பாசியின் தலை இருக்கும். இரையை அதற்கு மேலாகச் சுருட்டிக்கொண்டே வரவேண்டும். கம்பு வழியாக அந்தக் கிலுகிலு உள்ளங்கையில் அதிர்ந்துகொண்டே இருக்கும். திடீரென்று அதிர்வு நிற்கும். பாசியில் மாட்டியிருக்கிறது. பதறாமல் கம்பை ஒரு வெட்டு வெட்டினால் பாசி கிழிந்து இரை விடுபடும். அந்த அரை நொடியில்தான் அடி விழும். இழுக்கும்போது அடிக்காது, சிக்கும்போது அடிக்காது, விடுபடும்போதுதான் அடிக்கும். ஏன் என்று பலரிடம் கேட்டிருக்கிறேன், ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். நான் நம்புவது, ஓடித் தப்புவதைக் கண்டால் அதற்குப் பொறுக்காது என்பதைத்தான்.

ஒரு பிப்ரவரி காலையில் அப்படி இடம் அமைந்தது. மேகம் மூடிய வானம், மெல்லிய காற்று. ஒரே மேட்டைச் சுற்றி இரண்டு மணி நேரத்தில் முப்பதுக்கும் மேல் பிடித்து விட்டோம். எதுவும் ஆறு பவுண்டைத் தாண்டவில்லை. பாஸை வாயில் கட்டை விரலை விட்டுத்தான் தூக்குவார்கள், அதன் பல் உப்புத்தாள் போல இருக்கும். திங்கட்கிழமை அலுவலகத்தில் உட்கார்ந்து போனில் விரலை வைக்கிறேன், திறக்கவே இல்லை. ரேகை தேய்ந்துபோயிருந்தது. நாலு நாள் ரகசிய எண்ணை அடித்துத்தான் போனைத் திறந்தேன். ஃபோர்க் எனக்கு அப்படி ஒரு காலையை இதுவரை கொடுத்ததில்லை.

டொலிடோ பெண்ட் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் அதைச் சுருக்கமாகத் தவிர எனக்குத் தெரியாது. 1,80,000 ஏக்கருக்கு மேல், டெக்சாஸுக்கும் லூசியானாவுக்கும் எல்லையாகக் கிடக்கும் சபீன் ஆற்று ஏரி. அதில் பாதியைத் தெரிந்துகொள்ளவே ஒரு ஆயுள் வேண்டும். 2015, 2016 இரண்டு வருடமும் பாஸ்மாஸ்டர் பத்திரிகையின் பட்டியலில் நாட்டின் முதல் ஏரியாக வந்தது, அதற்கு முன் எந்த ஏரியும் அடுத்தடுத்து வந்ததில்லை. தண்ணீருக்கடியில் காடு அப்படியே நிற்கிறது. படகுப் பாதைக்கு மிதவை போட்டுக் குறி வைத்திருக்கிறார்கள். குறியை விட்டு முப்பதடி விலகினேன், ஒரு மரக்கட்டை மோட்டாரின் இறக்கையைத் தின்றுவிட்டது. மின்மோட்டாரில் நத்தை மாதிரி கரை சேர்ந்தோம். தப்பு முழுக்க என்னுடையதுதான். ஆனாலும் அந்த ஏரி மேல் எனக்கு இன்னும் கொஞ்சம் கோபம் உண்டு, ஆகவே என் மதிப்பெண்ணை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். கூட்டமே இல்லாத ஓர் ஓடைக்குள் மூடுபனியோடு காலையைக் கழிக்க வேண்டுமென்றால் மூன்றிலும் இதுதான் சிறந்தது. ஊர்க்காரர்கள் இதன் பக்கம் நிற்பதற்குக் காரணமும் அதுதான்.

இளவட்டங்களிடம் இந்த மூன்றையும் சொன்னால் சிரிக்கிறார்கள். அவர்களுக்கு மேற்கே ஓ.எச். ஐவி. 1990இல் கட்டிய ஏரி, வறட்சியில் வற்றிக் கிடந்தது, செடி கொடி முளைத்தது, பிறகு மழை வந்து அதையெல்லாம் மூழ்கடித்தது. அதாவது ஒரு பழைய ஏரி மறுபடி புது ஏரி ஆனது. 2021லிருந்து ராட்சச மீன்களாக வந்துகொண்டிருக்கின்றன, 2022 பிப்ரவரியில் 17.06 பவுண்டு ஒன்று. படகின் முன்னால் இருக்கும் சோனார் (ஒலியலைக் கருவி) திரையில் மீன் நகர்வதை நேரடியாகப் பார்த்துக்கொண்டே இரையை அதன் மூக்குக்கு முன்னால் இறக்குகிறார்கள். இதைத் தூண்டில் போடுவது என்று சொல்லலாமா என்பது தனிச் சண்டை. ஒரு தடவை அந்தத் திரையை வெறித்துக்கொண்டு ஒரு பகல் கழித்தேன். வீட்டுக்கு வந்து யோசித்தால் ஏரி எப்படி இருந்தது என்றே நினைவில்லை.

ஐவியைப் பார்த்த பிறகுதான் பெரியவர்களின் சண்டை எனக்கு விளங்கியது. அணை ஏரிக்கு வயது உண்டு. தண்ணீர் ஏறிய முதல் பத்துப் பதினைந்து வருடம் மூழ்கிய நிலத்தின் சத்தில் மீன் கொழிக்கும், அப்புறம் மரம் மட்கும், வண்டல் சேரும், பாசி வரும் போகும். நடுவில் நோயும் வந்தது. 1998 கோடையில் ரேபர்னில் லார்ஜ்மவுத் பாஸ் வைரஸ், அடுத்த வருடம் ஃபோர்க்கிலும் டொலிடோ பெண்டிலும். பெரிய மீன்கள் மிதந்தன. எழுபதுகளில் டொலிடோவில் வாலிபனாக இருந்தவருக்கு அதுதான் சொர்க்கம். தொண்ணூறில் ஃபோர்க்கில் இருந்தவருக்கு மற்றதெல்லாம் குட்டை. கடைச் சுவரின் முன்னால் நடப்பது ஏரிக்கும் ஏரிக்கும் சண்டை இல்லை, 1978க்கும் 1992க்கும் சண்டை.

சரி, நான் யார் பக்கம்? ஊரிலிருந்து யாராவது வந்து 'ஒரே ஒரு நாள்தான் இருக்கு' என்றால் ஃபோர்க். டாலஸிலிருந்து ஒன்றரை மணி நேரம், மாலைக்குள் திரும்பிவிடலாம், ஒரு வேளை அதிர்ஷ்டம் அடித்தால் ஆயுசுக்கும் பேசலாம். எனக்கென்று மூன்று நாள் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு ரேபர்ன். அங்கே பிடித்துப் பிடித்துக் கற்றுக்கொள்ளலாம், ஃபோர்க்கில் காத்திருக்கத்தான் கற்றுக்கொள்ளலாம்.

அன்றைக்குக் கடையில் ரேபர்ன் பக்கம் நின்று உரக்க வாதாடிய பெரியவர், நான் அடுத்த வாரம் அங்கே போகிறேன் என்றதும் சட்டைப்பையிலிருந்து ஒரு சிவப்பு இரையை எடுத்துக் கொடுத்தார். பெயின்ட் பாதி உரிந்து, முள் துருவேறியிருந்தது. பாலத்துக்குத் தெற்கே ஒரு முனை, அதன் கிழக்குப் பக்கம் பாசி ஓரமாகப் போடு என்று பேப்பர் நாப்கினில் படம் வரைந்து காட்டினார். கடைசியாக எப்போது போனீர்கள் என்று கேட்டேன். சுவரில் ஒரு போட்டோவைக் கையால் காட்டினார். ஓரத்தில் 1996 என்று எழுதியிருந்தது.

போனேன். அவர் சொன்ன முனை இருந்தது. பாசி ஒரு இழை கூட இல்லை, வெறும் மணல். முள்ளை மாற்றிவிட்டு அரை மணி நேரம் அங்கேயே போட்டேன். அடுத்த தடவை கடைக்குப் போனபோது 'அங்கே போட்டியா?' என்று கேட்டார். போட்டேன் என்றேன். அவர் அதற்கு மேல் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.