ஐந்து காலை, ஐந்து உறை: சித்தப்பாவுக்குச் சொல்பிடெம் கொடுத்துப் பார்த்த கதை

இந்தச் சோதனைக்கு ஐந்துக்கு மூன்றரை நட்சத்திரம். குறைத்த ஒன்றரையும் நைட் டியூட்டிக்கு.

மினிபஸ் டாக்ஸி மோதி நாலு வருஷமாகிறது, சித்தப்பா கண் திறந்தபடியே கிடக்கிறார், கூப்பிட்டால் திரும்ப மாட்டார். டர்பனில் அவர் இருக்கும் இல்லத்தின் பெயர் வேண்டாம். அங்கே வருகிற டாக்டரம்மாதான் சொல்பிடெம் என்ற தூக்க மாத்திரையைக் கொடுத்துப் பார்க்கலாமா என்று கேட்டார். கிடக்கிறவனுக்குத் தூக்க மாத்திரையா என்று எங்கள் ஆயா (பாட்டி) முறைத்தார். ஆனால் விஷயம் நம் தென்னாப்பிரிக்காவிலேயே தொடங்கியதுதான்: 1999இல் ஸ்பிரிங்ஸ் என்ற ஊரில் வாலி நெல் என்ற குடும்ப டாக்டர், வருஷக்கணக்கில் நினைவில்லாமல் கிடந்த இளைஞரை அமைதிப்படுத்தச் சொல்பிடெம் கொடுக்க, அரை மணிக்குள் அவர் அம்மாவோடு பேசிவிட்டார், மருந்து இறங்கியதும் பழைய நிலை. இதைச் சொன்ன கையோடு, 2014இல் வந்த அமெரிக்க ஆய்வில் 84 பேரில் 4 பேருக்குத்தான் தெளிவான பலன் என்பதையும் டாக்டரம்மா மறைக்கவில்லை. அதற்கே ஒரு நட்சத்திரம்.

ஐந்து காலை, ஐந்து உறை. சிலதில் 10 மில்லிகிராம் சொல்பிடெம், சிலதில் மருந்தில்லாத வெறும் மாத்திரை, எது எதில் என்று மருந்துக்கடைக்காரருக்கு மட்டும் தெரியும். பொடித்து வயிற்றுக் குழாயில் விட்டு, அப்புறம் முகத்துக்கு நேரே கைக்கண்ணாடியை மெல்ல நகர்த்தி, கண் அதைத் தொடர்கிறதா என்று வீடியோ எடுக்க வேண்டும். முதல் உறையை நைட் சிஸ்டர் முந்தின இரவே கொடுத்து விளக்கையும் அணைத்துவிட்டார், தூக்க மாத்திரை ராத்திரிதானே என்று! அந்த நாளுக்கும் பில் போட்டார்கள், மெடிக்கல் எய்ட் (மருத்துவக் காப்பீடு) ஒரு ராண்ட் தரவில்லை.

மூன்றாம் நாள், ஜூலு நர்ஸ் வழக்கம்போல ‘சாவுபோனா, பாபா’ (ஜூலுவில் ‘வணக்கம், ஐயா’) என்று முகம் துடைத்துவிட்டுக் கண்ணாடியைப் பிடித்தார். இடது பக்கம் நகர்த்தினார், கண்ணும் போனது. நிறுத்தினார், நின்றது. வலது பக்கம், பின்னாலேயே வந்தது. ஆயா அங்கேயே உம்பிலோ கோயிலுக்கு நேர்ந்துகொண்டார். மற்ற நாட்களில் வெறும் கொட்டாவி.

கடைசியில் மருந்துக்கடைக்காரரின் பட்டியலைப் பிரித்தால், மூன்றாம் நாள் போனது வெறும் மாத்திரை.

சரி, மருந்து வேலை செய்யவில்லை. ஆனால் நாலு வருஷத்தில் ஒருத்தரும் அவர் முன்னால் கண்ணாடி பிடித்துப் பார்த்ததில்லையே! அடுத்த இரண்டு வாரம் மாத்திரையே இல்லாமல் டாக்டரம்மா கண்ணாடி பிடித்தார், மூன்று தடவை கண் தொடர்ந்தது, ஃபைலில் ‘உணர்வற்ற நிலை’ என்றிருந்ததை அடித்துக் ‘குறைந்த உணர்வு நிலை’ என்று எழுதினார். இப்போது வாரம் மூன்று நாள் பிசியோ.

இந்தச் சோதனைக்குப் போகிறவர்கள் சார்ட்டில் ‘காலையில்’ என்று பெரிதாக எழுதச் சொல்லுங்கள். கண்ணாடியும் கொண்டுபோங்கள், அங்கே இருந்தது விரிசல் விட்டது, எங்களுக்கு ஆயாவின் பவுடர் டப்பாதான் உதவியது.