பழைய ரிவிட் எடுக்கச் செயலி வழியாக ஆள் அழைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: என் ரூ. 3,850 போன விதம்

கடந்த சனிக்கிழமை எங்கள் வீட்டில் நடந்ததைக் கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். வீட்டு வேலைகளுக்கு ஆள் அனுப்பும் ஒரு கைப்பேசிச் செயலியை நம்பி ரூ. 3,850 இழந்தேன். பணத்தோடு என் தந்தையின் ட்ரங்குப் பெட்டியின் மூடியும் போயிற்று. தகடுகளைச் சேர்த்துப் பிடிக்கும் ஆணியான பழைய ரிவிட்டைச் சேதமில்லாமல் எடுக்கும் முறையைப் பதிவின் முடிவில் விரிவாக எழுதுகிறேன்; முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

திருச்சி பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் தந்தை வாங்கிய பெட்டி அது. கரும்பச்சை வண்ணம் பூசிய இரும்புத் தகட்டுப் பெட்டி. மூடியின் மேல் வெள்ளை எழுத்தில் அவர் தம் கையாலேயே தம் பெயரையும் பணிமனையில் தமக்குத் தந்த டிக்கெட் எண்ணையும் எழுதியிருந்தார். அம்மாவின் கூறைப்புடவை அன்றுவரை அதில்தான் இருந்தது. பின்புறக் கீல்கள் இரண்டும் துருப்பிடித்து ஒன்று முறிந்துவிட்டதால், அவற்றைப் பிடித்திருந்த 12 ரிவிட்டுகளையும் எடுத்துவிட்டுப் புதுக் கீல் வைக்க வேண்டியிருந்தது. அவை நடுவில் கம்பி கொண்ட, உள்ளே பொள்ளலான பாப் ரிவிட் அல்ல, உருண்டைத் தலை கொண்ட பழைய கெட்டி ரிவிட்டுகள். தந்தை இருந்தவரை இத்தகைய வேலையை அவரே செய்வார். எனக்குத் தோள்வலி இருப்பதாலும் வீட்டில் ட்ரில் மிஷின் இல்லாததாலும் செயலியில் பதிவு செய்தேன். கட்டணம் ரூ. 1,350.

வந்தவருக்கு முப்பது வயதிருக்கும். பெட்டியைப் பார்த்ததும் கையைக் கழுவிக்கொண்டு வந்து மூடியை மெல்லத் தடவி, "இது யார் சார் எழுதினது?" என்று கேட்டார். நான் தந்தையைப் பற்றிச் சொன்னேன். நாகப்பட்டினத்தில் இருந்த பணிமனை 1928-இல் பொன்மலைக்கு மாற்றப்பட்டபோது என் தாத்தா குடும்பத்தோடு இங்கே வந்ததையும் சொன்னேன். உடனே அவர், "எங்க கொள்ளுத்தாத்தாவும் அப்படி வந்தவர்தான் சார், அவரும் ரிவிட் வேலைதான், நம்ம வீட்டுப் பெட்டி மாதிரி பார்த்துச் செய்றேன்" என்றார். அந்த ஒரு வாக்கியத்தில் நான் கரைந்துபோனேன். என் மனைவி அவருக்குக் காப்பி கொடுத்தாள். வேலை தொடங்குவதற்கு ஒரு எண், முடிந்ததற்கு ஒரு எண் என்று செயலி இரண்டு எண்களை என் கைப்பேசிக்கு அனுப்பும். "இங்க சிக்னல் சரியா இல்ல சார், ரெண்டையும் இப்பவே சொல்லிட்டா எனக்கு அலைச்சல் மிச்சம்" என்று அவர் கேட்டபோது இரண்டையும் வாசித்துக் காட்டினேன். புதுக் கீலும் ரிவிட்டும் வாங்க ரூ. 2,500 வேண்டும் என்றார். அவர் காட்டிய க்யூஆர் அட்டைக்கு அதையும் அனுப்பினேன். ஆக ரூ. 3,850.

நான் உள்ளே போய்த் திரும்புவதற்குள் கிரைண்டர் சத்தம் கேட்டது. ஓடி வந்து பார்த்தால், கட்டிங் வீலை வைத்து ரிவிட்டின் தலையை அறுத்துக்கொண்டிருந்தார். பெட்டியின் தகடு ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாதது. அதில் சக்கரம் தலையோடு நிற்காது. எட்டு ரிவிட் முடிந்திருந்தது. மூன்று இடங்களில் தகடு பிளந்து, சூட்டில் நெளிந்து, சுற்றியிருந்த வண்ணம் பொசுங்கியிருந்தது. தீப்பொறி பட்டு எழுத்துகளின் மேலும் கரும்புள்ளிகள். பதறி நிறுத்தச் சொன்னேன். அதன் பிறகும், அறுபட்ட ரிவிட்டுகளை அடியில் எந்த அணைப்பும் கொடுக்காமல் சுத்தியலால் அடித்துத் தள்ளியதில் துளைகள் நீள்வட்டமாகிவிட்டன. அந்தத் துளைகளில் இரண்டு அலுமினியப் பாப் ரிவிட்டைப் போட்டுப் பார்த்தார். அவை பிடிக்காமல் ஆடின. "பெரிய சைஸ் வாங்கிட்டு அரை மணி நேரத்துல வந்துடறேன் சார்" என்று சொல்லிவிட்டுப் போனவர் இன்றுவரை வரவில்லை.

அதற்குப் பிறகு பட்ட அவமானம்தான் அதிகம். செயலியில் அவருடைய நேரடி எண் கிடையாது; இடைப்பட்ட எண் வழியாகத்தான் பேச முடியும், வேலை 'முடிந்தது' என்று பதிவானதும் அந்த எண்ணும் செயலிழந்துவிட்டது. வாடிக்கையாளர் உதவிப் பகுதியில் முதலில் பேசிய பெண் 24 மணி நேரம் பொறுக்கச் சொன்னார். மறுநாள் வேறொருவர் படங்கள் கேட்டார். ஒன்பது படங்கள் அனுப்பினேன். மூன்றாவது நாள் வந்தவருக்குப் படங்கள் எதுவும் தெரியவில்லை, முதலிலிருந்து சொல்லச் சொன்னார். நிறைவு எண்ணை நீங்களே கொடுத்திருப்பதால் வேலை உங்களுக்குத் திருப்தியாக முடிந்ததாகவே எங்கள் பதிவு காட்டுகிறது என்று நான்காமவர் எழுதினார். அப்படியானால் ரூ. 2,500? அது செயலிக்கு வெளியே நீங்கள் இருவரும் செய்துகொண்ட கொடுக்கல் வாங்கலாம், நிறுவனத்துக்குத் தொடர்பில்லையாம். அந்த க்யூஆர் கணக்கில் வேறு ஒருவர் பெயர் இருக்கிறது என்று காட்டினேன், பதில் இல்லை. கடைசியில், அடுத்த முறை ஆள் அழைக்கும்போது பயன்படுத்த ரூ. 150 தள்ளுபடிச் சீட்டு ஒன்றை அனுப்பினார்கள். ரூ. 3,850 போனவனுக்கு ரூ. 150 தள்ளுபடி, அதுவும் அவர்களிடமே மறுபடி பணம் கட்டினால்.

நேற்று பெட்டி செய்யும் ஒரு பட்டறைக்காரரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். பிளந்த இடங்களில் தகட்டுப் பட்டை வைத்து ஒட்டலாம், ஆனால் கீல் தாங்காது, மூடியை மாற்றுவதுதான் நல்லது என்றார். மூடியை மாற்றினால் தந்தையின் கையெழுத்து போய்விடும். அதைப் பட்டறைக்காரரிடம் சொல்ல எனக்கு நா எழவில்லை. பெட்டியைத் திரும்ப எடுத்து வந்துவிட்டேன்.

எடுக்கும் முறையை விரிவாக எழுதுவதாகச் சொன்னேன். இப்போது அதற்கு மனம் ஒத்துழைக்கவில்லை. தந்தை செய்ததில் நினைவிருப்பதை மட்டும் எழுதுகிறேன்: கெட்டி ரிவிட்டானால் தலையை அரத்தால் தட்டையாக்கி, நடுவில் சென்டர் பஞ்ச் வைத்துக் குழியிட்டு, ரிவிட்டின் தண்டைவிடச் சற்றே சிறிய பிட்டால் தலையின் ஆழத்துக்கு மட்டும் ட்ரில் செய்து, உளியால் தலையைத் தட்டிவிட்டு, பின்பக்கம் துளையிட்ட மரக்கட்டையை அணைத்து, மெல்லிய கம்பி முனையுள்ள பஞ்ச்சால் தண்டை வெளியே தள்ள வேண்டும். பாப் ரிவிட்டானால் நடுவிலுள்ள கம்பியை முதலில் பஞ்ச்சால் உள்ளே தள்ளிவிட்டு, ரிவிட்டின் அளவுள்ள பிட்டையே மெதுவான வேகத்தில் ஓட்டினால் தலை கழன்றுவிடும். ரிவிட் கூடவே சுழன்றால் பிளையரால் பிடித்துக்கொள்ளுங்கள். மெல்லிய தகட்டின் அருகே கிரைண்டரை யாரையும் கொண்டுவர விடாதீர்கள். தலை தெறிக்கும், கண்ணாடி அணியுங்கள்.

நிறைவு எண்ணை வேலை முடியும் முன் சொல்லாதீர்கள். செயலிக்கு வெளியே ஒரு ரூபாயும் அனுப்பாதீர்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. இணைய வணிக நிறுவனத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றுக்கொண்டதை உறுதி செய்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும் என்று 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு (மின் வணிக) விதிகள் சொல்கின்றன. ஆகவே உதவிப் பகுதியோடு நிற்காமல் அந்த அலுவலருக்கே எழுதுங்கள். நான் இரண்டையும் இன்று காலையில்தான் செய்தேன். புகார் எண் வந்திருக்கிறது, ரூ. 3,850 வரவில்லை; மூடி கழன்ற பெட்டி கூடத்தில் இருக்கிறது, கூறைப்புடவையை அம்மா தம் கட்டிலின் தலைமாட்டில் வைத்திருக்கிறார்.