‘இன்னும் ரெண்டு சீட்தான் இருக்கு தம்பி’: ஜெர்மனியில் படிப்பவர்களுக்கு வார இறுதி ட்ரிப் எச்சரிக்கை

வெள்ளிக்கிழமை இரவு பதினொரு மணி. பஸ் நிலையத்தில் நாற்பது பேர் முதுகுப்பையோடு நிற்கிறார்கள். ப்ராக் போய்வர பஸ், ஒரு இரவு ஹாஸ்டல், ‘எல்லா என்ட்ரி டிக்கெட்டும்’ சேர்த்துத் தலைக்கு 99 யூரோ கட்டியிருக்கிறார்கள். பஸ் வரவில்லை. வாட்ஸ்அப் குரூப்பைத் திறந்தால் ‘அட்மின் மட்டுமே எழுத முடியும்’ என்று மாற்றப்பட்டிருக்கிறது. பன்னிரண்டு மணிக்குக் குரூப்பே இல்லை.

ஜெர்மனியில் படிக்கும் வெளிநாட்டு மாணவர்களில் இந்தியர்களே இப்போது முதலிடம். அக்டோபரிலும் ஏப்ரலிலும் செமஸ்டர் தொடங்கிப் புதியவர்கள் வந்து இறங்கும்போதெல்லாம் இந்த ஆட்டம் புதிதாக ஆரம்பிக்கிறது. பிளாக்டு அக்கவுண்ட், அதாவது விசாவுக்காக மொத்தமாகப் போட்டுவைத்து மாதாமாதம் எடுக்கும் கணக்கு, அதிலிருந்து மாதம் 992 யூரோ வருகிற பிள்ளைக்கு நூறு யூரோ என்பது பத்து நாள் சாப்பாட்டுக் காசு. ப்ராக் வீதியில் பிக்பாக்கெட் அடிப்பவனைப் பற்றி எல்லோரும் எச்சரிப்பார்கள். பெரிய தொகை போவது அங்கே இல்லை, ஊர்ப் பேச்சு பேசுகிற இந்தக் குரூப்பில்தான்.

எப்படி நம்ப வைக்கிறார்கள்

முதல் ட்ரிப் உண்மையாகவே நடக்கும். பக்கத்து ஊருக்கு ஒரு நாள் போய்வருவது, பதினைந்து யூரோ, போட்டோ எல்லாம் அழகாக வரும். இரண்டாவதும் நடக்கும். மூன்றாவது இரண்டு நாள் ட்ரிப், தொகை பெரிது, நீண்ட வார இறுதியைப் பார்த்துப் போடுவார்கள். முந்தைய ட்ரிப்பில் போனவர்களே குரூப்பில் ‘சூப்பரா இருந்துச்சு’ என்று சாட்சி சொல்வார்கள், அதுவும் பொய்யில்லை. பிறகு ‘ரெண்டு சீட்தான் இருக்கு தம்பி, இன்னைக்கு நைட்டுக்குள்ள போட்டுடு’ என்று ஒரு குரல் செய்தி வரும்.

நியாயமாகச் சொன்னால், இவர்களில் பலர் திட்டமிட்ட திருடர்கள் இல்லை, கணக்குத் தெரியாதவர்கள். நாற்பது பேர் சேருவார்கள் என்று நம்பிப் பஸ்ஸுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறார்கள். இருபத்திரண்டு பேர்தான் சேருகிறார்கள், மிச்சத் தொகைக்குக் கையில் இல்லை, போனை அணைத்துவிடுகிறார்கள். காசு கட்டியவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

காசு கட்டுமுன் கேட்க வேண்டியது ஒரே ஒரு காகிதம்

பயணமும் தங்குமிடமும் சேர்த்து ஒருவர் விற்றால் ஜெர்மன் சிவில் சட்டத்தில் அது ‘பவுஷால்ரைஸ’, அதாவது பேக்கேஜ் டூர். அந்தச் சட்டத்தின் 651a முதல் 651y வரையிலான பிரிவுகள் இதற்கானவை. அதை விற்பவர் தான் திவாலானாலும் பயணியின் பணம் திரும்பும் என்று காப்பீடோ வங்கி உத்தரவாதமோ எடுத்திருக்க வேண்டும். அதற்கான சான்றுதான் ‘ஸிஷெருங்ஸ்ஷைன்’. அந்த உத்தரவாதம் இல்லாமல், யார் தருகிறார்கள் என்ற விவரமும் கொடுக்காமல், பயணம் முடிவதற்கு முன் ஒரு சென்ட்கூட வாங்கக் கூடாது. இருந்தாலுமே முன்பணம் வழக்கமாக மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குதான். ஆறு வாரத்துக்கு முன்பே முழுத் தொகையும் கேட்கிறார்கள் என்றால் அதுவே ஒரு விடை.

இதில் இரண்டு ஓட்டைகள் உண்டு, ஏமாற்றுபவர்களுக்கு அவை நன்றாகத் தெரியும். 24 மணி நேரத்துக்குள் முடிந்து, இரவுத் தங்கல் இல்லாமல், 500 யூரோவுக்கு மிகாத ஒரு நாள் ட்ரிப்புக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. எப்போதாவது, லாப நோக்கமின்றி, குறிப்பிட்ட சிலருக்கு மட்டும் நடத்துவதற்கும் பொருந்தாது. கல்லூரிச் சங்கங்கள் நடத்தும் ட்ரிப் இந்த வகை. ‘நாங்களும் ஸ்டூடன்ட்ஸ்தான், லாபம் பார்க்கல’ என்று சொல்வது இதற்காகத்தான். மாதாமாதம் ட்ரிப் போட்டு, இன்ஸ்டாகிராமில் விளம்பரம் செய்து, யார் கேட்டாலும் சேர்த்துக்கொள்பவர் அந்த விதிவிலக்கில் வரமாட்டார்.

ஏற்பாட்டாளர் இணையதளம் வைத்திருந்தால் கீழே ‘இம்ப்ரெஸ்ஸும்’ பக்கத்தைப் பாருங்கள். வியாபாரம் செய்யும் தளத்தில் பெயரும் முழு முகவரியும் அங்கே இருந்தாக வேண்டும். இன்ஸ்டாகிராம் பக்கமும் போன் நம்பரும் முகவரி ஆகாது. இந்த முகவரி எதற்கு என்பது கடைசியில் வரும்.

எந்த வழியில் கட்டினீர்கள் என்பதுதான் திரும்ப வருமா என்பதைத் தீர்மானிக்கும்

பேபாலில் ‘நண்பர்களும் குடும்பமும்’ என்று அனுப்பச் சொல்வார்கள். ‘அப்படி அனுப்பினா ஃபீஸ் இல்ல’ என்பது உண்மை. ஆனால் அந்த வகைக்கு வாங்குபவர் பாதுகாப்பும் இல்லை. ‘பொருளும் சேவையும்’ என்று அனுப்பினால் 180 நாளுக்குள் புகார் திறக்கலாம், கட்டணத்தை விற்பவர் ஏற்க வேண்டும். இரண்டு மூன்று யூரோ கட்டணத்துக்காகத்தான் நம்மவர்கள் 99 யூரோவை விடுகிறார்கள்.

வங்கி டிரான்ஸ்ஃபர் போனால் போனதுதான். இன்ஸ்டன்ட் டிரான்ஸ்ஃபர் பத்து விநாடியில் எதிர்க்கணக்கில் விழுந்துவிடும். வங்கி திரும்பக் கேட்டுப் பார்க்கும், எதிராளி சம்மதிக்காவிட்டால் அதோடு சரி. 2025 அக்டோபர் முதல் யூரோ நாடுகளின் வங்கிகள், ஐபேன் என்ற வங்கிக் கணக்கு எண்ணும் நீங்கள் எழுதிய பெயரும் பொருந்துகிறதா என்று அனுப்புமுன் காட்ட வேண்டும். ‘பெயர் பொருந்தவில்லை’ என்று சிவப்பில் வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். ‘அது என் ரூம்மேட் அக்கவுண்ட்’ என்ற விளக்கம் வரும். கேட்டுக்கொள்ளுங்கள், அனுப்பாதீர்கள்.

அந்த ரூம்மேட்டுக்கும் ஒரு வார்த்தை. ‘காசை உன் கணக்குல வாங்கி எனக்கு அனுப்பு, உனக்கு ட்ரிப் ஃப்ரீ’ என்று கேட்டால் மறுத்துவிடுங்கள். ஜெர்மன் சட்டத்தில் கடும் கவனக்குறைவால் மோசடிப் பணத்தைக் கைமாற்றிவிடுவதுகூடக் குற்றம்தான். ஏமாற்றியவன் ஊரைவிட்டே போயிருப்பான், வழக்கு கணக்கு வைத்திருந்தவர்மீது வரும். விசா புதுப்பிக்கும்போது அது எங்கே போய் முட்டும் என்று சொல்லத் தேவையில்லை.

டெபிட், கிரெடிட் கார்டில் கட்டினால் வங்கியிடம் சார்ஜ்பேக், அதாவது கட்டிய பணத்தைத் திருப்பித் தரும்படி, கேட்க வழியுண்டு. ‘லாஸ்ட்ஷ்ரிஃப்ட்’ என்ற நேரடிப் பிடித்தம் என்றால் எட்டு வாரத்துக்குள் காரணமே சொல்லாமல் வங்கிச் செயலியில் திருப்பிவிடலாம். ஏமாற்றுபவர்கள் இந்த வழிகளைத் தருவதே இல்லை.

பஸ் வந்துவிட்டது என்றாலும்

‘என்ட்ரி டிக்கெட் உட்பட’ என்பதைப் பிரித்துப் பாருங்கள். பெர்லினில் ரைக்ஸ்டாக் என்ற நாடாளுமன்றக் கட்டடத்தின் கண்ணாடிக் குவிமாடத்துக்குக் கட்டணமே கிடையாது; பெயரும் பிறந்த தேதியும் கொடுத்து முன்பதிவு செய்தால் போதும். பாரிஸில் லூவ்ர், ஓர்சே அருங்காட்சியகங்கள், பாரிஸுக்குப் பக்கத்தில் வெர்சாய் அரண்மனை மூன்றும் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் வசிக்கும் 26 வயதுக்குட்பட்டவர்களுக்கு இலவசம். குடியுரிமை கேட்பதில்லை, வசிப்பதற்கான சான்றுதான். ஜெர்மன் ரெசிடென்ட் பெர்மிட் அட்டை அந்தச் சான்று. லூவ்ருக்கும் வெர்சாய்க்கும் நேரம் பதிவு செய்துகொள்ள வேண்டும், அதுவும் அதிகாரப்பூர்வத் தளத்தில். இந்த இலவச நுழைவுகளுக்குத்தான் தலைக்கு இருபது முப்பது யூரோ வசூலிக்கிறார்கள். ‘உட்பட’ பட்டியலை நீட்ட ப்ராகின் சார்லஸ் பாலமும் ‘உட்பட’ என்று இருக்கும். பாலத்தில் நடக்க யார் காசு கேட்டார்கள்?

நொய்ஷ்வான்ஸ்டைன் கோட்டை ட்ரிப்பில் வேறு மாதிரி. உள்ளே போக நேரம் குறித்த டிக்கெட் வேண்டும், வழிகாட்டியோடுதான் விடுவார்கள், குறித்த நேரம் தவறினால் டிக்கெட் செல்லாது. கீழே கிராமத்திலிருந்து மேலே நடக்கவே அரை மணிக்கு மேல் ஆகும். பஸ் மதியம் பன்னிரண்டுக்குப் போய் நின்றால் அன்றைய டிக்கெட் தீர்ந்திருக்க வாய்ப்பு அதிகம். அப்போது மரியன் பாலத்தில் நிறுத்தி போட்டோ எடுக்கவைத்துக் கூட்டி வந்துவிடுவார்கள். ‘கோட்டை பார்ப்பது’ என்று எழுதியிருந்தால், உள்ளேயா வெளியேயா, எத்தனை மணி ஸ்லாட் என்று எழுத்தில் வாங்குங்கள்.

மியூனிக்கின் பியர் திருவிழாவான அக்டோபர்ஃபெஸ்ட் பற்றித் தனியாகச் சொல்லலாம். திடலுக்குள் போக நுழைவுக் கட்டணமே இல்லை. டேபிள் முன்பதிவு கூடாரம் நடத்துபவரிடம் நேராகத்தான், பொதுவாகப் பத்துப் பேர் டேபிள், அந்தப் பணம் பியருக்கும் கோழிக்கும் கூப்பனாகத் திரும்பும். இடையில் யாராவது ‘டேபிள் சீட்’ விற்றால் கூடாரத்து வாசலில் அது செல்லாமல் போகலாம். முன்பதிவு இல்லாத இருக்கைகளும் ஒவ்வொரு கூடாரத்திலும் உண்டு. வார நாளில் காலையில் போய்விட்டால் இடம் கிடைக்கும்.

ப்ராகில் பணம் மாற்றும் இடம்தான் பொறி. ‘கமிஷன் 0%’ என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள், ரேட்டில் அடித்துவிடுவார்கள். ஒரு யூரோவுக்கு 24, 25 கொருனா (செக் பணம்) வருகிற இடத்தில் பதினெட்டுக்குக் கொடுத்தாலும் போர்டில் எங்கோ அது எழுதியிருக்கும். பலருக்குத் தெரியாத ஒன்று: 2019இல் மாற்றிய செக் சட்டப்படி, 1000 யூரோ வரையிலான மாற்றத்தை மூன்று மணி நேரத்துக்குள் ரத்து செய்யலாம். ரசீதோடு அதே கவுண்டருக்குப் போய்ப் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். தெருவில் வந்து ‘நல்ல ரேட் தரேன்’ என்பவரிடம் இந்த உரிமை கிடையாது. அவர் கையில் தருவது செல்லாத பழைய பெலாரஸ் ரூபிளாகக்கூட இருக்கும். ஏடிஎம்மில் ‘யூரோவில் பிடிக்கட்டுமா’ என்று கேட்டால் வேண்டாம் என்று கொருனாவையே அழுத்துங்கள்.

பாரிஸில் ஜெர்மனி ரயில்கள் வந்து நிற்கும் கார் து லெஸ்ட் நிலையத்தில், டிக்கெட் மெஷின் பக்கத்தில் நின்று உதவுகிறவர் உதவுவதற்காக நிற்கவில்லை. உங்கள் கையிலிருந்து பணத்தாளை வாங்கிக்கொண்டு மலிவான குழந்தை டிக்கெட்டை எடுத்துக் கொடுப்பார். சாக்ரே கேர் தேவாலயப் படிக்கட்டில் கையில் நூல் கட்ட வருபவர்களிடம் கையை நீட்டாமல் பாக்கெட்டிலேயே வைத்துக்கொண்டு நடந்தால் போதும்.

எல்லையில் இறக்கிவிடப்படுபவர்கள்

2024 செப்டம்பர் 16 முதல் ஜெர்மனி தன் எல்லா நில எல்லைகளிலும் சோதனை போட்டது. ப்ராகிலிருந்து திரும்பும் பஸ்ஸில் போலீஸ் ஏறுவது புதிதல்ல. ஒரிஜினல் பாஸ்போர்ட்டும் ரெசிடென்ட் அட்டையும் வேண்டும், போனில் உள்ள போட்டோ செல்லாது. ‘அதெல்லாம் பார்க்க மாட்டாங்க’ என்று சொன்ன ஏற்பாட்டாளர் அந்த நேரத்தில் தூங்கிக்கொண்டிருப்பார், பஸ் உங்களுக்காக நிற்காது.

அட்டைக்குக் காத்திருப்பவர்கள் கையில் ஃபிக்ஸியோன்ஸ்பெஷைனிகுங் என்ற தற்காலிகச் சான்றுக் காகிதம் இருக்கும். அதன் உள்பக்கத்தில் எந்தக் கட்டத்தில் டிக் இருக்கிறது என்று பாருங்கள். வெளிநாட்டவர் வசிப்புச் சட்டத்தின் 81ஆம் பிரிவின் 4ஆம் உட்பிரிவு, அதாவது பழைய அனுமதி தொடர்கிறது என்ற கட்டமாக இருந்தால்தான் வெளியே போய்த் திரும்ப முடியும். 3ஆம் உட்பிரிவு என்றால் ஜெர்மனிக்குள்ளேயே சுற்றுங்கள்.

பாஸ்போர்ட் போட்டோவைக் குரூப்பிலோ ஏற்பாட்டாளருக்கோ அனுப்பாதீர்கள். ஹாஸ்டல் செக்-இன்னில் நேரில் காட்டினால் போதும். அனுப்பியே ஆகவேண்டும் என்றால் எண்ணை மறைத்து, குறுக்கே ‘ப்ராக் ட்ரிப்புக்கு மட்டும்’ என்று தேதியோடு எழுதி அனுப்புங்கள்.

டாய்ச்லாண்ட் டிக்கெட் என்ற மாதாந்திரப் பயணச் சீட்டையும் டெலிகிராமில் மலிவாக விற்கிறார்கள். பரிசோதகர் ஸ்கேன் செய்து செல்லாது என்றால் 60 யூரோ அபராதம், போலி என்றால் அதற்கு மேல் கிரிமினல் புகார். அதுவே செமஸ்டர் டிக்கெட்டாகக் கையில் இருப்பவர்களுக்கு இதை வாங்கத் தேவையே இல்லை. அந்த டிக்கெட் வட்டார ரயில்களில் மட்டும்தான், ஐசிஇ, ஐசி போன்ற நெடுந்தூர ரயில்களில் செல்லாது. சால்ஸ்பர்க் ஸ்டேஷன் வரை செல்லும். மாலைக்குள் திரும்பிவிடும் ஒரு நல்ல ஊருலாவுக்கு அது போதும்.

ஏமாந்த பிறகு, அதே இரவில்

குரூப்பிலிருந்து உங்களை நீக்குமுன் வாட்ஸ்அப் உரையாடலை ஏற்றுமதி செய்துவிடுங்கள். தானாக மறையும் செய்தி போட்டிருந்தால் ஒவ்வொன்றாக ஸ்கிரீன்ஷாட், நம்பர் தெரியும்படி. வங்கிக்கு உடனே போன் செய்து பணத்தைத் திரும்ப அழைக்கச் சொல்லுங்கள், காலை வரை காத்திருக்க வேண்டாம். கார்டு விவரம் போயிருந்தால் 116 116 என்ற எண்ணில் கார்டை முடக்குங்கள்.

உங்கள் மாநிலப் போலீஸின் ‘ஆன்லைன்வாஹ’ தளத்தில் புகார் கொடுக்கலாம், கட்டணம் இல்லை. ஆளாளுக்குத் தனியாகக் கொடுங்கள், ஆனால் எல்லோரும் அதே ஐபேனையும் முதலில் புகார் கொடுத்தவரின் வழக்கு எண்ணையும் எழுதுங்கள். நாற்பது தனித்தனி 99 யூரோ புகார்கள் நாற்பது மேசைகளில் கிடக்கும், சேர்ந்தால் நாலாயிரம் யூரோ வழக்கு.

போலீஸ் குற்றத்தைத் தேடும், பணத்தை வாங்கித் தருவது அதன் வேலை இல்லை. அதற்கு ‘மான்பெஷைட்’ என்ற நீதிமன்ற அறிவிப்பு இருக்கிறது, வக்கீல் இல்லாமல் ஆன்லைனிலேயே நிரப்பலாம். படிவத்தில் எதிராளியின் பெயரோடு தெரு, வீட்டு எண், அஞ்சல் எண் கேட்கும். அந்த இடத்தில் போன் நம்பரை எழுத முடியாது.